யானை வந்தால் கூப்பிடுவார்

இயந்திரக் குரலை மனிதர்கள் மதிப்பதில்லை. இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எங்கள் ஆய்வு மையத்துக்கு மூன்று வருடம் பிடித்தது, இரண்டு உயிரும் போயிற்று.

நான் சொல்வது வால்பாறைக்கு மேலே இருக்கும் கருங்குன்று எஸ்டேட்டைப் பற்றி. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் சோலைக்காடு, நடுவில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள். யானைகள் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தவை. தேயிலைதான் பின்னால் வந்து குறுக்கே உட்கார்ந்துகொண்டது. வந்தது வந்துவிட்டது, இனி இரண்டு தரப்பும் முட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன வழி என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. மரத்துக்கு மரம் கேமராவும் மைக்கும் கட்டினோம். எத்தனை யானை, எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைக் கணினி பத்தடி பிசகாமல் சொல்லும். அரைக் கிலோமீட்டருக்குள் யார் வீடு இருந்தாலும் அவர்கள் போன் அடிக்கும். எடுத்தால், "அன்பார்ந்த பொதுமக்களே, உங்கள் பகுதியில் காட்டு யானைகளின் நடமாட்டம்" என்று ரயில்வே ஸ்டேஷன் பெண்மணி மாதிரி ஒரு குரல் ஆரம்பிக்கும். அன்பார்ந்த பொதுமக்கள் அதைப் பாதியில் கட் பண்ணிவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனார்கள். இளவட்டங்கள் செல்ஃபி எடுக்கப் போனார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கோடிக்கணக்கில் கருவி வைத்து, கடைசியில் யாரும் காது கொடுக்கவில்லை என்றால் எப்படி இருக்கும்?

அதே சமயம் எங்களிடம் இருளப்பன் என்று ஒரு வாட்சர் இருந்தார். ஐம்பத்தாறு வயது. முன்பு அதே எஸ்டேட்டில் மருந்து அடித்தவர். கணினித் திரையைப் பார்த்துவிட்டு அவரே தன் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்.

"யோவ் தங்கராசு, குடிச்சிருக்கியா? பரவால்ல, உள்ள கெடந்து குடி. டிஸ்பென்சரி வளைவுல ரெண்டு நிக்கிது. வெளிய தலய நீட்டுன, நாளைக்கு நான்தான் உனக்கு மாலை வாங்கிட்டு வரணும்."

தங்கராசு வெளியே வரமாட்டார். ஒருத்தரும் வரமாட்டார்கள். கணக்கெடுத்துப் பார்த்தோம். ரயில்வே அம்மாளின் பேச்சை நூற்றுக்கு முப்பது பேர் கேட்டார்கள். இருளப்பன் பேச்சைத் தொண்ணூற்று நாலு பேர். ஆனால் ஒரே நேரத்தில் நாற்பது வீட்டுக்கு ஒரு மனிதர் போன் செய்ய முடியுமா?

முடியும், அவர் குரலைக் கணினிக்குக் கொடுத்தால். அந்த வேலைக்குத்தான் கோயம்புத்தூரிலிருந்து என்னை அனுப்பினார்கள். என் பெயர் மங்கையர்க்கரசி. பேச்சுத் தொழில்நுட்பம் படித்தவள். எஸ்டேட்டில் யாருக்கும் அந்த நீளமான பெயர் வாயில் நுழையவில்லை, "யானை மேடம்" ஆக்கிவிட்டார்கள். நான் யானையை அதுவரை கோயிலில்தான் பார்த்திருந்தேன்.

பழைய உரக் கிடங்கு ஒன்றில் தெர்மாகோல் ஒட்டி ஒலிப்பதிவு அறை ஆக்கினேன். பதினோரு நாள் அவரை உட்காரவைத்துப் பேசவைத்தேன். அவர் பேசியதிலிருந்து அவர் பேசாததையும் கணினி பேசும். யார் எங்கே நிற்கிறார், யானை எங்கே நிற்கிறது என்று பார்த்து அந்தந்த நேரத்துக்கு வேண்டிய வாக்கியத்தைத் தானே உண்டாக்கும். கேள்வி கேட்டால் பதிலும் சொல்லும்.

இருநூற்றுப் பதினாலு வீட்டுப் பட்டியலை அவர் முன்னால் வைத்தேன், யாரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று. ரேஷன் கார்டில் இருக்கும் பெயர் ஒன்றும் உதவாது என்றார். "ரெஜினான்னு கூப்பிட்டா அது வேற யாரோன்னு வச்சிருவா மேடம். பாப்பான்னு போடுங்க." இப்படியே எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு வந்தவர் ஐந்தாம் லைனின் கடைசி வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

"அண்ணே, உங்க வீட்ட விட்டுட்டீங்க. அக்காவ எப்படிக் கூப்பிடுவீங்க?"

"அவளயா? அவள எதுக்குக் கூப்பிடணும்? இந்தான்னா திரும்பிப் பாத்துருவா."

"பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லையா?"

"பொண்டாட்டிய யாராச்சும் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்களா?" மனிதர் முகமெல்லாம் வெட்கம். ஐம்பத்தாறு வயசுக்கு அது ரொம்ப அழகாக இருந்தது. பூரணத்தாய் என்ற பெயருக்கு எதிரே 'இந்தா' என்று எழுதிக்கொண்டேன்.

இன்னொரு சிக்கல் இருந்தது. பயத்தில் இருப்பவர்கள் சம்பந்தமில்லாமல் எதையாவது கேட்பார்கள். கணினி யானையைத் தவிர வேறு எதற்கும் பதில் சொல்லிவிடக்கூடாது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு பொது வாக்கியம் வேண்டும். "மன்னிக்கவும், அந்தத் தகவல் என்னிடம் இல்லை" என்று எழுதிவைத்திருந்தேன். இருளப்பன் படித்துப் பார்த்துச் சிரியோ சிரி என்று சிரித்தார்.

"இப்பிடி நான் எந்தக் காலத்துல மேடம் பேசியிருக்கேன்? கேக்கிறவன் போன வச்சிட்டு என் வீட்டுக்கு ஆள் அனுப்புவான், எனக்குப் புத்தி பேதலிச்சிருச்சுன்னு."

"சரி, நீங்க என்ன சொல்வீங்க?"

கொஞ்சம் யோசித்தார். நான் இரண்டு மூன்று எழுதிக் காட்டினேன். கடைசியில் ஒன்று அவருக்குப் பிடித்தது. "அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப உள்ள போ." கோபமாக, சாந்தமாக, அவசரமாக என்று பதினாலு விதமாகப் பேசிக் கொடுத்தார். எனக்கு ஒரே பெருமை. அன்றைக்குச் சாயங்காலம் கேன்டீனில் எனக்கு நானே ஒரு ஸ்பெஷல் காபி வாங்கிக் குடித்தேன்.

ஒலிப்பதிவு முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. பொள்ளாச்சிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது மலைப்பாதை பஸ்ஸிலேயே இருளப்பன் போய்விட்டார். மாரடைப்பு. ஜன்னல் ஓரம் தூங்குகிறார் என்று கண்டக்டர் நினைத்திருக்கிறார்.

எங்கள் இயக்குநர் டாக்டர் கோதண்டம் அன்றே கோவையிலிருந்து பேசினார். நல்ல மனிதர்தான். குரல் உடைந்துதான் பேசினார். ஆனால் இரண்டு நிமிடம் கழித்துக் கேட்டார்: "குரல் இருக்குல்ல மங்கை?"

"சார், ஆள் இல்ல சார்."

"அது தெரியும்மா. குரல் இருக்குல்ல?"

இருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் படிவத்தை எடுத்துக்கொண்டு பூரணத்தாயிடம் போனேன். ஒல்லியான அம்மாள். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. ஒரே மகள் பூங்கொடியைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "நாலு பேரு உசுரு தப்பும்னா இருந்துட்டுப் போகட்டும் மேடம். அவரும் அதான சொல்லுவாரு" என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் குரல் அவரையும் கூப்பிடும் என்பதை அவர் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. இருநூற்றுப் பதினாலில் அவர் வீடும் ஒன்று, அவ்வளவே.

ஏற்பாடு பிரமாதமாக வேலை செய்தது. முதல் முறை இருளப்பன் குரல் கேட்டபோது தங்கராசு போனைக் கீழே போட்டுவிட்டு உடம்பெல்லாம் விபூதி பூசிக்கொண்டார் என்றார்கள். ஆனாலும் வெளியே வரவில்லை, அதுதான் எங்களுக்கு வேண்டியது. பதினாலு மாதம் ஒரு சாவு இல்லை. ஒரு யானையையும் யாரும் பட்டாசு போட்டு விரட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் வரைபடத்தில் ஒரு இடம் மட்டும் சிவப்பாகிக்கொண்டே வந்தது. மற்ற லைன்களுக்குப் பக்கத்தில் மாதம் ஒன்று, இரண்டு தடவை யானை வந்தது. ஐந்தாம் லைனுக்குப் பின்னால் மட்டும் இரண்டு மாதத்தில் பத்தொன்பது தடவை. அதில் ஒரு தடவை ஒரு பெரிய பெண் யானை ரெஜினா வீட்டுச் சமையலறைச் சுவரைத் தள்ளிவிட்டது. ரெஜினாவின் நாலு வயசுப் பிள்ளை அடுத்த அறையில் இருந்தது. செங்கல் ஒன்று உருண்டு வந்து கட்டில் காலடியில் நின்றதாம். ரெஜினாவுக்கு அடுத்த வீடு, லைனின் கடைசி வீடு, பூரணத்தாயின் வீடு.

அழைப்புப் பதிவைத் திறந்து பார்த்தேன். எல்லார் வீட்டிலும் பேச்சு அரை நிமிடத்தில் முடிந்திருந்தது. பூரணத்தாயின் போனில் இருபத்தாறு நிமிடம், முப்பத்தோரு நிமிடம், நாற்பது நிமிடம் என்று ஓடியிருந்தது. யானை நிற்கும் வரை பேச்சும் நடந்திருக்கிறது. அடுத்தவர் பேசுவதைக் கேட்பது தப்பு என்று தெரிந்தேதான் ஒன்றை எடுத்துக் கேட்டேன்.

"இந்தா, ரெண்டு நிக்கிது. வாழைக்குப் பக்கத்துல. கதவச் சாத்து."

"சாத்திட்டேன். நீங்க சாப்ட்டீங்களா?"

"அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப உள்ள போ."

"உள்ளதான் இருக்கேன். குட்டி இருக்கா?"

"ஒரு குட்டி இருக்கு. தாய் ஒட்டியே நிக்கிது. நீ வெளிய வராத."

"வரல. பூங்கொடி மாசமா இருக்கா, தெரியுமா? மூணு மாசம்."

"அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப உள்ள போ."

"சரி சரி. அப்புறம் பேசலாம். குட்டி எம்புட்டு ஒசரம் இருக்கு?"

இப்படியே முப்பது நிமிடம். யானையைப் பற்றி ஒரு கேள்வி, அதற்கு நீளமாகப் பதில். நடுவில் தன் பேச்சாக ஒன்று, அதற்கு அந்த வாக்கியம். யானை அரைக் கிலோமீட்டரைத் தாண்டியதும் அழைப்பு தானாகவே அறுந்துவிடும். "ஏங்க? ஏங்க?" என்று அந்த அம்மாள் கூப்பிடுவதோடு பதிவு முடிந்திருந்தது. காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்தாம் லைனுக்குப் போனேன். யானை தேடி வரும் என்று வாழையை எல்லா வீட்டிலும் எஸ்டேட் நிர்வாகம் வெட்டச் சொல்லிவிட்டது. பூரணத்தாய் வீட்டுக்குப் பின்னால் மட்டும் ஏழெட்டு வாழை தழைத்து நின்றது. அதன் அடியில் பலாச்சக்கை. நேற்று வெட்டிப் பிளந்து வைத்தது போலச் சிதறிக் கிடந்தது. பக்கத்தில் யானைக் கால் தடம்.

"பலாப்பழம் யாருக்குக்கா?"

"சாமிக்கு." யானையை அங்கே சாமி என்றுதான் சொல்வார்கள்.

"சாமிக்குப் படைக்கிறதா இருந்தா கோயில்ல படைங்க. பின்வாசல்ல எதுக்கு?"

அவர் சக்கையைக் காலால் ஓரமாக ஒதுக்கினார். எனக்கு வந்ததே கோபம். "ரெஜினா வீட்டுச் சுவரு போச்சே, பாத்தீங்கல்ல? அந்தப் பிள்ளை மேல விழுந்திருந்தா? யானைக் கூட்டத்தக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொல்லைக்குக் கொண்டாந்து வைக்கிறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"தெரியும் மேடம். அன்னைக்கு ராவெல்லாம் அழுதுட்டுத்தான் கெடந்தேன். இனி செய்யக்கூடாதுன்னு பிள்ளை மேல சத்தியம் பண்ணேன்." கீழே பார்த்துக்கொண்டே சொன்னார். "ரெண்டு நா கழிச்சு டவுனுக்குப் போயி மறுபடி ஒரு பழம் வாங்கியாந்தேன்."

"ஏன்?"

"அப்புறம் பேசிக்கலாம்னு சொல்றாருல்ல."

சொல்லித்தான் ஆகவேண்டும். "அக்கா, அது அவரு சொல்றதில்ல. அந்த வாக்கியம் நான் எழுதுனது. என்ன கேட்டாலும் மிஷினு அதத்தான் சொல்லும்."

"எழுதுனது நீங்க. சொல்றது அவரு." சண்டைக்காரி மாதிரி நிமிர்ந்து பார்த்தார். "அவரு சத்தம் எனக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருசம் கேட்டிருக்கேன்."

"பதினோரு நாள் பேசினது முழுசும் எங்கிட்ட இருக்கு. எல்லாத்தையும் உங்க போன்ல போட்டுத் தர்றேன். எப்ப வேணாலும் கேக்கலாம். யானை வேணாம், பலாப்பழம் வேணாம்."

"அதுல எங்கூடப் பேசுறாரா?"

"இல்ல. எல்லாருக்கும் பொதுவா..."

"பின்ன அது எனக்கு எதுக்கு?"

விஷயத்தை மேலே சொன்னால் எஸ்டேட் அவரை வீட்டைக் காலி பண்ணச் சொல்லும். திருப்பூரில் மகளின் ஒற்றை அறைக்குப் போய் உட்காரவேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த சுவர் யார்மேல் விழும் என்று தெரியாது. குரலை மாற்றினாலோ இருநூற்றுப் பதினாலு வீட்டிலும் ஆட்கள் தண்ணீர் பிடிக்கப் போய்விடுவார்கள். அன்றைக்குக் கேன்டீனில் காபி குடித்துக் கொண்டாடியவளை நாலு அறை அறையலாம் போல இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. சரியாகச் சொன்னால், என்னை நானே மறுபடியும் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். யானை வந்தால் பேசுவதால்தானே அவர் யானையை வரவழைக்கிறார்? திருப்பிப் போட்டுவிட்டால்?

மறுநாள் போய்ச் சொன்னேன். "அக்கா, இனிமே யானை வந்தா அண்ணன் குரல் உங்களுக்கு வராது. ரயில்வே அம்மா குரல்தான் வரும். ஆனா ரெண்டு கிலோமீட்டருக்கு யானையே இல்லாத அன்னிக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு அவரு கூப்பிடுவாரு. யானை இல்லைன்னு சொல்லுவாரு. அரை மணி, ஒரு மணி, நீங்க வைக்கிற வரைக்கும் லைன்ல இருப்பாரு."

"தெனமுமா?"

"யானை வராத எல்லா நாளும்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே அரிவாளை எடுத்து வாழையை எல்லாம் தன் கையாலேயே வெட்டிச் சாய்த்தார். பலாச்சக்கையை மண்ணைத் தோண்டிப் புதைத்தார். பக்கத்து வீட்டு ரெஜினா வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் விழுந்ததிலிருந்து அவள் பூரணத்தாயிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

யானைகள் ஐந்தாம் லைன் பக்கம் வருவது நின்றுபோயிற்று. டாக்டர் கோதண்டத்திடம் விவரம் சொல்லாமல், சிவப்புப் புள்ளி மறைந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். "பாத்தியா, தொழில்நுட்பம்னா இதுதாம்மா" என்றார்.

முதல் நாள் பேச்சு ஐம்பத்திரண்டு நிமிடம். அடுத்த நாள் நாற்பத்தெட்டு. சரி, மனசு ஆறுகிறது என்று விட்டுவிட்டேன். பதினோராம் நாள் மூன்று நிமிடம். பன்னிரண்டாம் நாளிலிருந்து போனை எடுக்கவே இல்லை. ஆறு மணிக்கு அடிக்கும், அடித்து ஓயும். ஒரு வாரம் இப்படிப் போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. மறுபடியும் அந்தத் தப்பைச் செய்தேன், பதினோராம் நாள் பதிவைக் கேட்டேன்.

"இந்தா, யானை பக்கத்துல எங்கயும் இல்ல. கவலப்படாத."

"எங்கயுமே இல்லையா?"

"இல்ல. ஆத்தைத் தாண்டிக் காட்டுக்குள்ள போயிருச்சு."

"அப்ப இன்னிக்கு வராதுல்ல?"

"வராது. ரொம்ப தூரத்துல இருக்கு."

பிறகு பூரணத்தாய், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்ப... இப்பப் பேசலாமா?"

"அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப உள்ள போ."

"உள்ள போயி நான் என்ன பண்ண?"

"அத அப்புறம் பேசிக்கலாம். இப்ப உள்ள போ."

போன் வைக்கும் சத்தம். அவ்வளவுதான். பதினோரு நாளும் அவர் அதையேதான் கேட்டிருக்கிறார் என்று மற்ற பதிவுகளையும் கேட்டபிறகு தெரிந்தது. அந்த வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. யானை இருந்தவரைக்கும் அதில் ஒரு அர்த்தம் இருந்தது. யானையை எடுத்துவிட்டு வாக்கியத்தை மட்டும் அந்தப் பொம்பளையிடம் விட்டுவைத்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரிந்த முட்டாள் என்றால் நான்தான்.

அன்றைக்கே கிளம்பிப் போனேன். நாலரை மணிக்குக் கொழுந்து எடை போட்டுவிட்டு வந்து, முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்.

"எடுத்துடுங்க மேடம்" என்றார்.

"எதக்கா?"

"எம் போனுக்கு வர்றத. மத்தவங்களுக்கு இருக்கட்டும். அந்தச் சத்தத்துக்குத்தான் பயந்து உள்ள இருக்கானுங்க. எனக்கு மட்டும் வேணாம்."

"அந்த வாக்கியத்த மாத்திடுறேன்க்கா. வேற மாதிரி, நல்லா ஆதரவா பேசுற மாதிரி எழுதலாம். பூங்கொடியப் பத்திக் கேட்டா..."

"நீங்க எழுதுவீங்க." கோபமே இல்லாமல் சொன்னார். "மேடம், அந்த மனுசன் அப்புறம் பேசலாம்னு சொன்னா அப்புறம் பேசுவாரு. பூங்கொடி கல்யாணப் பேச்சு எடுத்தப்ப யானை பாக்கப் போற அவசரத்துல அப்புறம்னாரு. வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டுறதுக்கு முன்னாடி, அந்தப் பையன் என்ன வேலை பாக்கிறான்னு கேட்டாரு. ஒரு தடவ மறந்ததில்ல. அதான் நானும் இத்தன மாசமா காத்துக் கெடந்தேன். யானை போகட்டும், போகட்டும்னு. இப்ப யானையே இல்ல. இது பேசாது. இதுக்குப் பேசத் தெரியாது."

அதுவரைக்கும் அவர், இவர் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இது என்றார். நான் மடிக்கணினியைத் திறந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியலிலிருந்து அந்த எண்ணை எடுத்தேன். எண்ணையே எடுத்துவிட்டதால் ரயில்வே அம்மாள் குரலில் வரும் எச்சரிக்கையும் நின்றுவிடும், அதை மட்டும் மறுபடி சேர்க்க மறுநாள் ஆகும், அதுவரைக்கும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். அழவில்லை. பாத்திரம் கழுவப் போனார். எனக்குத்தான் அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்டேன். "நீங்க என்ன பண்ணுவீங்க, விடுங்க" என்றார்.

ஐந்தே முக்கால் இருக்கும். கிளம்பலாம் என்று நான் பையை எடுக்கும்போது மேலே முதல் வீட்டில் போன் அடித்தது. அடுத்து இரண்டாம் வீட்டில். லைன் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக அடித்தது. கதவுகள் படபடவென்று சாத்தும் சத்தம் கேட்டது. பூரணத்தாயின் போன் மட்டும் மேசைமேல் சும்மா கிடந்தது.

லைன் வீடுகளுக்கு நடுச்சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டு ரெஜினாவுக்குப் போனை ஸ்பீக்கரில் போடும் வழக்கம். இருளப்பன் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாப்பா, மூணு நிக்கிது. கீழ ஓடைக்கிட்ட. பிள்ளைய உள்ள தூக்கிக்கோ. கதவச் சாத்து."

அடுத்த நொடி ரெஜினா சுவரில் பட்பட்டென்று தட்டினாள். "பூரணக்கா! ஏ பூரணக்கா! உள்ளயா இருக்க? சாமி ஓடைக்கிட்ட வந்திருச்சாம். வெளிய வந்துறாத!"

சுவர் விழுந்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அது. "உள்ளதான்டி இருக்கேன்" என்று பூரணத்தாய் சத்தம் போட்டுச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டு வந்தார். வந்தவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. நேரே போய் நடுச்சுவர் ஓரம் நின்றார்.

ரெஜினாவின் அழைப்பு அரை நிமிடத்தில் முடியவேண்டியது. எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு அவள் வைக்கவில்லை.

"மூணும் பெருசா மாமா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பெருசு. ஒண்ணு குட்டி."

"கொம்பு இருக்கா?"

"இல்ல. ரெண்டும் பொட்டை. நீ வெளிய வராத."

"எந்தப் பக்கம் பாத்து நிக்கிது?"

"ஓடையப் பாத்து நிக்கிது. தண்ணி குடிக்கிது."

"தும்பிக்கையிலயா குடிக்கிது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பயத்தில் உளறுகிறாளா என்று நினைத்தேன். ரெஜினாவின் பிள்ளை வேறு கெக்கெக்கே என்று சிரித்தது. கேள்வி கேட்கக் கேட்க இருளப்பன் குரல் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் சுவரோடு ஒட்டிக் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் போனைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பலாப்பழம் எதற்கு வந்தது, வாழை எதற்குப் போனது, ஆறு மணிக்குப் போன் ஏன் அடித்து ஓய்கிறது, எல்லாம் அந்த மெல்லிய சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது.

பூரணத்தாய் கன்னத்தைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். இது பேசாது என்று ஒரு மணி நேரம் முன்னால் தீர்த்துச் சொன்னவர்தான். அது உண்மை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் நான் மூச்சு விடக்கூடப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பக்கம் கேள்வி தீர்ந்துபோய்விட்டது போல. பிறகு ரெஜினா தயக்கமாகக் கூப்பிட்டாள்.

"பூரணக்கா... இன்னும் என்ன கேக்கட்டும்?"

பூரணத்தாய் கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"குட்டி தாய ஒட்டி நிக்கிதான்னு கேளு" என்றார்.

ரெஜினா கேட்டாள்.